இஸ்திரி அக்கா பாஸ்போர்ட் மாற்றிய கதை

வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக்கூடத்தில் அவளுக்கு இஸ்திரி அக்கா என்றுதான் பெயர். ஆள் குள்ளம். மேசைக்கு முன்னால் ஒரு மரப்பலகையைப் போட்டு, அதன் மேல் ஏறி நின்றுதான் வேலை செய்வாள். வாயைத் திறந்தால் மட்டும் மேற்பார்வையாளரே கொஞ்சம் பின்வாங்குவார். டாக்டர்களின் வெள்ளைக் கோட்டுகள் மெஷினுக்குள் போகுமுன் பைகளைத் தடவி, பேனா, சாவி, மிட்டாய் என்று எதையாவது எடுத்து வைப்பது அவள் வழக்கம். அப்படிப்பட்டவளின் பாஸ்போர்ட்டே ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு மெஷினில் வெளுத்து வந்தது.

அவள் ஊருக்குப் போக விமான டிக்கெட் எடுக்கப் போன கணவர் அதை ஜாக்கெட்டின் உள்பையில் வைத்திருந்தார். வந்ததும் ஜாக்கெட்டை அழுக்குக் கூடையில் எறிந்தார். அவ்வளவுதான். அட்டை உரிந்துவிட்டது. அவள் முகம் இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கறை. விசா ஒட்டியிருந்த பக்கம் மட்டும் எழுத்து அழியாமல் பிழைத்துக்கொண்டது.

சரக்கு வண்டி ஓட்டும் அந்த ஆறடி மனிதர் சமையலறை வாசலில் கூனிக்குறுகி நின்றார். "மறந்துட்டேம்மா... திட்டு, வாங்கிக்கிறேன்."

"திட்டுறதெல்லாம் ஊருக்குப் போயிட்டு வந்து வச்சுக்கிறேன். முதல்ல ஃபேனைப் போடுங்க, இது காயட்டும்."

ஊரில் அவள் தம்பிக்கு இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகிவிட்டிருந்தன. சொந்தபந்தத்தில் யார் யாரையோ பரிசோதித்து, கடைசியில் அக்காவுடையதுதான் பொருந்தியது. அறுவைச் சிகிச்சைக்குத் தேதியும் குறித்தாகிவிட்டது. இந்தப் பக்கமோ, கணவரும் பள்ளிக்கூடம் போகும் மகளும் இந்த நாட்டில் இருப்பதே அவள் விசாவைப் பிடித்துக்கொண்டுதான். அது போனால் மூன்று பேரும் பெட்டி கட்ட வேண்டும்.

மறுநாள் லீவு சொல்லிவிட்டு நம் நாட்டுத் தூதரகத்துக்குப் போனாள். கவுண்ட்டரில் இருந்த கண்ணாடிக்காரருக்குத் தமிழ் தெரிந்திருந்தது.

"இதுக்கா மேடம் இவ்வளவு கவலை? அவசரத்துக்குன்னு ஒரு பயணச் சான்று தருவோம். நாளைக்கே கிளம்பிடலாம்."

"அதை வச்சுத் திரும்பி வரலாமா சார்?"

"அது போறதுக்கு மட்டும்தான். அங்க போய்ப் புது பாஸ்போர்ட் எடுத்து, மறுபடி விசாவுக்குப் போடணும்."

"மறுபடி கிடைக்குமா?"

கண்ணாடிக்காரர் மேலே விசிறியைப் பார்த்தார். அதுவே பதில்.

"அப்போ புது பாஸ்போர்ட்டே குடுங்க. என் தம்பிக்கு உயிரும் வேணும், என் புருஷன் பிள்ளைக்குச் சோறும் வேணும். ஒண்ணை விட்டு ஒண்ணை எடுக்க நான் வரலை."

தம்பியின் டாக்டர் அனுப்பிய கடிதத்தைப் பார்த்து அவசர விண்ணப்பமாக எடுத்துக்கொண்டார்கள். பழைய பாஸ்போர்ட்டை ரத்து செய்யும்போது மூலையை வெட்டுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்ததால், விசா பக்கத்தில் கத்தரி படக் கூடாது என்று கண்ணாடிக்காரரிடம் சொன்னாள். பக்கத்துக் கவுண்ட்டரிலும் சொன்னாள். வாசல் காவலாளியிடமும் சொல்லிவிட்டுத்தான் வந்தாள்.

விஷயம் தெரிந்து தம்பி போன் செய்தான். குரலில் சத்தே இல்லை.

"அக்கா, நீ வராத. உன் வேலையைக் கெடுத்துட்டு நான் பிழைச்சு என்ன பண்ணப் போறேன்? டயாலிஸிஸ் இருக்குல்ல, ஓட்டிக்கிறேன்."

"வாயை மூடு. சின்ன வயசுல நான் ஒளிச்சு வச்ச தின்பண்டத்தையெல்லாம் கேக்காமத் தின்ன. இப்ப நானாக் குடுக்கறேன்னா வேண்டாங்கிற."

அவன் சிரித்தான். போனை வைத்த பிறகு அவள் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

புது பாஸ்போர்ட் வந்தது. பழையதும் மூலை வெட்டுப்பட்டு, விசா பக்கம் சேதமில்லாமல் கூடவே வந்தது. இரண்டையும் தூக்கிக்கொண்டு விசா அலுவலகத்துக்கு ஓடினாள். அங்கிருந்த பெண் அதிகாரி இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். பழையதில் அக்காவின் பெயர் மட்டும் இருந்தது. புதியதில் அப்பா பெயரும் சேர்ந்து அச்சாகியிருந்தது. கணினியைப் பொறுத்தவரை இவர்கள் இரண்டு வெவ்வேறு பெண்கள். விசாவை மாற்ற முடியாது.

அவளைக் கூட்டிவந்த கணவர் வெளியே வண்டிக்குள் உட்கார்ந்து ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டார். "விதிம்மா. விட்டுடு. நாம எல்லாரும் ஊருக்கே போயிடலாம்."

"விதியும் இல்லை, ஒண்ணும் இல்லை. பேரைத் தப்பா சேர்த்திருக்காங்க. சேர்த்தவங்களே சரி பண்ணட்டும். வண்டியைத் தூதரகத்துக்கு விடுங்க."

கண்ணாடிக்காரர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். "ரெண்டு பேரும் ஒரே ஆள்தான்னு சான்று தரலாம் மேடம். கையெழுத்துப் போட வேண்டியவர் கூட்டத்துல இருக்கார். அடுத்த வாரம் வாங்க."

"சார், நீங்க நிம்மதியா சாப்பிடுங்க. நான் இங்கயே உக்காந்திருக்கேன். அடுத்த வாரம் நான் ஆபரேஷன் டேபிள்ல படுத்திருக்கணும். அங்க எனக்குப் பதிலா யாரை அனுப்புறது? நீங்க போறீங்களா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். கண்ணாடிக்காரர் சிரிக்கவில்லை. டப்பாவை மூடினார். உள்ளே போனவர் வெகு நேரம் வரவில்லை. வரும்போது சான்று கையில் இருந்தது, முத்திரை ஈரம் கூடக் காயாமல்.

"கூட்டத்துக்குள்ளேயே போய் வாங்கிட்டேன். தம்பி நல்லாயிடுவார், போங்கம்மா" என்றார். மேடம் எப்போது அம்மா ஆனது என்று அவள் கவனிக்கவில்லை. விசா அலுவலகம் மூடுவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் மனதில் இருந்தது.

பெண் அதிகாரி சான்றை எழுத்தெழுத்தாகப் படித்தாள். விரலை ஓட்டிப் பார்த்தாள். பிறகு விசாவைப் புது பாஸ்போர்ட்டில் பதிந்து கொடுத்தாள். அன்று இரவே இஸ்திரி அக்கா விமானம் ஏறினாள்.

அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அக்காவுக்கு வலி பின்னியெடுத்தது. தம்பியோ பக்கத்து அறையிலிருந்து, பசிக்கிறது என்று சொல்லி அனுப்பினான். தையல் ஆறும்வரை ஊரில் இருந்துவிட்டு அவள் திரும்பினாள். விமான நிலைய அதிகாரி புதிய பாஸ்போர்ட்டைப் பார்த்தார், விசாவைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் முத்திரை குத்தினார். இத்தனை பாடுபட்டதற்கு ஒரு கேள்வியாவது கேட்டிருக்கலாம் என்று அவளுக்குச் சப்பென்று இருந்தது. வெளியே மகள் கைகாட்டிக் குதித்துக்கொண்டிருந்தாள்.

சலவைக்கூடத்தில் கனம் தூக்கக் கூடாது என்று கொஞ்ச காலம் துணி மடிக்கும் வேலை கொடுத்தார்கள். அங்கே பக்கத்தில் உட்கார்ந்திருந்த, புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருத்தி, தன் பாஸ்போர்ட்டைக் குழந்தை கிழித்துவிட்டதாகச் சொல்லிக் கண்ணைக் கசக்கினாள்.

"விசா பக்கம் இருக்கா?"

"இருக்கு அக்கா."

"அப்போ அழாத. வியாழக்கிழமை எனக்கு லீவு, நானும் கூட வர்றேன். அங்க என்ன சொன்னாலும் சரி சரின்னு தலையாட்டிட்டு எந்திரிச்சு வந்துடாத, தெரியுதா?"