ரோஸ் மலையும் பச்சைச் சேலையும்

பிளாஸ்டிக் கருகும் நாற்றம் எங்கே மூக்கில் ஏறினாலும் எனக்கு அம்மாவின் நினைவுதான் வரும். அம்மா நன்றாகத்தான் இருக்கிறாள். முட்டிவலியைத் தவிர ஒரு குறையுமில்லை. நாற்றத்துக்குக் காரணம் எங்கள் மாடியில் குடியிருந்த ஓர் ஓவியர்.

செங்கம் சாலையிலிருந்து பிரியும் தெருவில் எங்கள் வீடு. மாடி அறையை ஆசிரமத்துக்கு வருகிற வெள்ளைக்காரர்களுக்கு விடுவதுதான் வழக்கம். நான் நான்காம் வகுப்பு படிக்கையில் பாண்டிச்சேரிப் பக்கத்து ஆள் ஒருவர் தனியாக வந்து சேர்ந்தார். படம் வரைவார், பொம்மைப்படமும் எடுப்பார். நாங்கள் அவரை ‘மாடி சார்’ என்போம். அப்பாவுக்கு முதல் நாளே அவர்மேல் சந்தேகம். “இங்க வர்றவன் கண்ண மூடிக்கினு உக்காருவான், நம்பலாம். இவன் தொறந்துக்கினு எல்லாத்தையும் பாக்கறானே!”

அவர் வரைந்ததும் அப்படித்தான் இருந்தது. சோடா பாட்டில், தீப்பெட்டி, கற்பூரப் பொட்டலம் என்று பெட்டிக்கடைச் சாமான்களை வரிசை வரிசையாக, கண் கூசும் வண்ணங்களில் வரைந்து தள்ளுவார். சிவனே மலையாக நிற்கிற ஊரில், அந்த மலைக்கு அவர் ரோஸ் அடித்ததைப் பார்த்துவிட்டு அப்பா அன்றிரவு சரியாகச் சாப்பிடவில்லை. அடியில் பல்பு எரிகிற ஒரு கண்ணாடி மேசை வேறு வைத்திருந்தார். அதன்மேல் குனிந்து கறுப்பு மையால் கோடு இழுப்பதை எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா, “மை போட்டுப் பாக்கறாரு போலக்குது, ஜாக்கிரதையா இருங்க” என்று அம்மாவின் காதில் போட்டாள்.

எனக்கோ சந்தேகம் அம்மாமேல். மொட்டைமாடியில் வற்றல் காயவைத்தால் மலையிலிருந்து குரங்குகள் இறங்கிவிடும், அம்மா கம்போடு ஓடி, “தே! போ சனியனே!” என்று விரட்டுவாள். குரங்கு விரட்ட யாராவது கல்யாணத்துக்குக் கட்டுகிற பச்சைச் சேலையைக் கட்டுவார்களா? கேட்டதற்கு, “போடா, வேற துணி காயல” என்றாள். தலையும் புதிதாக வாரியிருந்தது.

ஒருநாள் மாடி சார் பெயிண்ட் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தபோது, தண்ணீர்த் தொட்டி பார்க்கப் போன அப்பா ஒரு கட்டுப் பிளாஸ்டிக் கண்ணாடித் தாள்களோடு இறங்கி வந்தார். தாளுக்குத் தாள் அம்மா. அதே பச்சைச் சேலை, அதே கம்பு. கை மட்டும் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறியிருந்தது.

“ஒரு பொம்பளய இத்தினி வாட்டி எதுக்குடி வரையணும்? இன்னா இது?”

சத்தம் கேட்டு வந்த செல்வி அக்கா, “ஒரே உருவத்தத் திரும்பத் திரும்ப எழுதனா அது ஏவல்தாங்க” என்று தீர்ப்பே சொல்லிவிட்டாள். அம்மா தாள்களை வெகுநேரம் பார்த்தாள். “இது நான் இல்லீங்க, யாரோ” என்றாள். அப்பட்டமான பொய். எனக்கே அழுகை வந்தது.

எல்லாம் வெந்நீர் அடுப்புக்குள் போயின. மாடியில் அந்த மேசைமேல் இன்னொரு கட்டும் இருந்தது, முழுக்கக் குரங்கு. அதை அப்பா தொடவில்லை. ஆஞ்சநேயராயிற்றே, கன்னத்தில் போட்டுக்கொண்டு அப்படியே விட்டுவிட்டார். திரும்பி வந்த மாடி சார் அடுப்பைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையைத் தூக்கவில்லை. மறுநாள் அறை காலி. “வெளுத்ததெல்லாம் பாலுன்னு நம்பனா இப்படித்தான்” என்று அப்பா பல காலம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இன்று அப்பா இல்லை. வற்றல் பாக்கெட்டில் வருகிறது. மொட்டைமாடியில் கேமரா மாட்டியிருக்கிறோம். அது நாள் முழுக்க எல்லாரையும் பார்க்கிறது, யாருக்கும் சந்தேகமில்லை. பொம்மைப்படக்காரர்கள் ஒவ்வொரு உருவத்தையும் தனித்தனித் தாளில் வரைந்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்துத்தான் படமெடுப்பார்கள் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

போன மாதம் போனில் எதையோ தேடப்போக, அந்த ரோஸ் மலை வந்து நின்றது. மாடி சார் இப்போது பெரிய ஆளாம். படத்தில் எங்கள் மொட்டைமாடி, எங்கள் கறுப்புத் தொட்டி, வற்றலைக் கவ்விக்கொண்டு ஓடுகிற குரங்கு. அது திரும்பித் திரும்பிப் பார்த்து அலறிக்கொண்டு ஓடுகிறது, பின்னால் ஒருவருமில்லை. காரணமில்லாத பயத்தை எப்படிக் காட்டியிருக்கிறார் என்று கீழே ஆளாளுக்குப் புகழ்ந்திருந்தார்கள்.

அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். முடிந்ததும் இன்னொரு தரம் போடச் சொன்னாள். பிறகு போனை என்னிடம் நீட்டிக் கேட்டாள்:

“நான் எங்கடா?”