மூன்று பேர் வெள்ளி என்று சொன்ன காசு

சண்டை நடந்த அந்த வருடம் ஆரையம்பதியில் வீட்டுக்கு வீடு பதுங்குகுழி வெட்டினார்கள். என் அண்ணனும் வெட்டினார். அவர் வாவியில் மீன் பிடிப்பவர். தோணி இறக்கக் கூடாது என்று இராணுவம் தடை போட்டிருந்ததால் வாரக்கணக்கில் வீட்டோடு கிடந்தார். வெட்டிய மணலுக்குள் ஒரு காசு அகப்பட்டது. அதைக் கழுவித் துணியில் முடிந்து, சைக்கிளில் நாவற்குடாவுக்கு என்னிடம் கொண்டுவந்தார்.

"ஒரு ஆள் பாத்திட்டு இது கள்ளக்காசு எண்டு சொல்லிப்போட்டான். நீ இரசாயனம் படிப்பிக்கிறாய்தானே, பாத்துச் சொல்லு புள்ள."

வெள்ளி நிறம். ஒரு பக்கம் மனித உருவம்போல ஏதோ தேய்ந்து கிடந்தது. விளிம்பில் மிளகளவு ஒரு கொப்புளம், அதைச் சுற்றிப் பச்சைக் களிம்பு. அந்தக் கொப்புளம் எனக்குப் பிடிக்கவில்லை; வெள்ளிக்குக் கீழே செம்பு இருந்தால் அப்படிப் பொங்கும்.

முதலில் நகை செய்யும் பத்தர் ஒருவரிடம் போனோம். அவர் விளிம்பை உரைகல்லில் இழுத்து, ஒரு சொட்டு அமிலம் விட்டுப் பார்த்து, "வெள்ளிதான்" என்றார். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். கல்லில் ஒட்டியது மேலே இருந்த உலோகம்தானே என்று நான் சொல்ல வேண்டியிருந்தது.

அடுத்த நாள் மட்டக்களப்பில் என் பாடசாலை ஆய்வுகூடத்தில் காசை நூலில் கட்டி, காற்றிலும் தண்ணீருக்குள்ளும் நிறுத்தேன். தூரத்தில் ஷெல் விழும்போதெல்லாம் தராசு நடுங்கியது. அது அடங்கும்வரை நின்று நின்று ஐந்து தடவை நிறுத்தேன். வந்த அடர்த்தி செம்பைவிட அதிகம், வெள்ளியைவிடச் சற்றுக் குறைவு. செம்பு கலந்த பழைய வெள்ளிக்கு அப்படித்தான் வரும். உள்ளே செம்போடு ஈயம் கலந்திருந்தாலும் அப்படி வரலாம்.

விடைத்தாள் திருத்தக் கொழும்புக்குப் போனபோது காசையும் கொண்டுபோனேன். சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் அதை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு திருப்பித் தந்தான். கொழும்பில் தெரிந்த விரிவுரையாளர் ஒருவர் எக்ஸ்-கதிர்க் கருவியில் வைத்துப் பார்த்தார். திரையில் ஏறக்குறைய முழுவதும் வெள்ளி.

"அப்ப வெள்ளிதானே, சேர்?"

"மேல்தோல் வெள்ளி. இந்தக் கருவி அதுக்குக் கீழ பாக்காது. மண்ணுக்குள்ள கிடந்தா மேல இருக்கிற செம்பு கரைஞ்சு போய் வெள்ளி மட்டும் மிஞ்சும். முலாம் பூசினாலும் இப்படித்தான் காட்டும்."

"உள்ளுக்கு என்ன இருக்கெண்டு எப்படிப் பாக்கிறது?"

"வெட்டத்தான் வேணும். வெட்டினாலும் என்ன உலோகம் எண்டுதான் தெரியும். அந்தக் காலத்துக் கள்ளன் செய்ததா, வெள்ளித் தட்டுப்பாட்டில அரசாங்கமே முலாம் பூசி அடிச்சதா, போன வருஷம் ஆரும் செய்ததா எண்டு அது சொல்லாது."

ஊருக்கு வந்தபோது பாடசாலையை மூடியிருந்தார்கள். அண்ணன் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து, "என்னவாம்?" என்று கேட்டார். மூன்று இடத்திலும் வெள்ளி என்றுதான் வந்திருக்கிறது, ஆனாலும் எனக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த நாட்களில் எதைக் கேட்டாலும் தெரியாது என்பதுதான் பதில். பஸ் ஓடுமா, பாடசாலை திறக்குமா, நேற்றுப் பிடித்துக்கொண்டு போனவர்களை விடுவார்களா, ஒன்றும் தெரியாது. இது ஒன்றையாவது முடித்துவிட வேண்டும் என்று எனக்குள் ஒரு அரிப்பு. ஒரு பகல் அண்ணனிடம் கேட்காமலே இரும்பு அறுக்கும் வாளால் காசை இரண்டாக அறுத்தேன்.

உள்ளே சாம்பல் நிறம் படர்ந்த செம்பு, ஈயம் கலந்திருக்க வேண்டும். அதைச் சுற்றி நகத்தின் தடிப்புக்கூட இல்லாத வெள்ளித் தோல்.

மறுநாள் வந்த அண்ணன் இரண்டு துண்டுகளையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப கள்ளக்காசா?"

"முலாம் பூசினது. கள்ளக்காசா எண்டு இன்னும் தெரியா, அண்ணன்."

"தெரியாதத்துக்கு என்னத்துக்குப் புள்ள அறுத்தாய்?"

அவர் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு போனார். மற்றதை விரிவுரையாளருக்கு அனுப்பினேன். பல மாதம் கழித்துத்தான் கடிதம் வந்தது. பழைய காலத்தில் வெள்ளித் தகட்டைச் சுற்றிச் சூடாக்கியிருந்தால் இரண்டு உலோகமும் சேரும் இடத்தில் ஒன்றோடொன்று கலந்திருக்கும், இந்தக் காலத்து மின்முலாம் என்றால் கோடு போட்டதுபோல் பிரிந்து நிற்கும், அதை நுணுக்குக்காட்டியில் பார்க்கலாம் என்று எழுதியிருந்தார். ஆனால் என் வாளின் பற்கள் வெள்ளியைச் செம்பின் மேல் இழுத்துப் பூசியிருந்தன. சிறிய துண்டு, திரும்பவும் தேய்த்து மெருகிட்டும் சரிவரவில்லை. மற்றத் துண்டு இருந்தால் அனுப்பவும் என்று முடித்திருந்தார்.

அதற்குள் பகலில் மட்டும் தொழிலுக்குப் போக விட்டிருந்தார்கள். நான் கடிதத்தோடு போனபோது அண்ணன் வலையில் நண்டு கழற்றிக்கொண்டிருந்தார். முழுவதையும் வாசித்துக் காட்டினேன். கையை நிறுத்தாமல் கேட்டார்.

"என்னட்ட இரிக்கிற பாதியத் தா எண்டு கேக்க வந்தாயா?"

"ஓம்."

"அதையும் அறுக்கிறத்துக்கா?"

அவர் குரலில் கோபம் இல்லை. ஒரு நண்டை இழுத்துப் பெட்டிக்குள் போட்டார். "கறிக்கு நாலு நண்டு கொண்டு போ" என்றார். கொண்டுபோனேன். பிறகு அந்தப் பாதிக் காசை நான் கேட்கவில்லை. அவரும் எங்கே வைத்திருக்கிறார் என்று சொல்லவில்லை.