ராட்டினத்தில் உட்காருகிறவன்

மாதா கோயில் பூசையில் முழங்காலிலிருந்து எழும்போது என் தம்பி யாகப்பன் மற்றவர்களைப் போல எழுவதில்லை. முதலில் கெண்டைக்காலை இறுக்குவான். பிறகு தொடை, பிறகு வயிறு. மூச்சை அடக்கி, ‘ஹெக்’ என்று கொஞ்சம் விட்டு, மறுபடி அடக்கி, அப்புறம்தான் நிமிர்வான். முகம் சிவந்துவிடும். பின்வரிசைப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். “ஒங்க தம்பிக்கு மலச்சிக்கலாக்கா?” என்று ஒருத்தி என்னிடமே கேட்டாள். அவளோடு நான் பேசுவதை நிறுத்தி இரண்டு ஈஸ்டர் போய்விட்டது.

அந்த இறுக்கம் அவனுடைய தொழில். பெங்களூரில் விமானிகளின் உடம்பைப் பற்றி விமானப்படை வைத்தியர்கள் ஆராய்ச்சி செய்கிற இடத்தில் சார்ஜண்டாக இருக்கிறான். நாடி பார்ப்பது, மார்பில் கம்பி ஒட்டுவது எல்லாம் அன்றாட வேலை. அதற்கு மேல் அவனாகக் கேட்டு வாங்கிக்கொண்ட வேலை ஒன்று உண்டு. ஒரு வட்டக் கட்டடத்துக்குள் நீண்ட இரும்புக் கை சுற்றுகிறது. அதன் நுனியில் ஒரு கூண்டு. கூண்டுக்குள் யாகப்பனை வாரால் கட்டி உட்காரவைத்துச் சுற்றுவார்கள்.

போர் விமானம் வேகத்தில் வளைந்து திரும்பும்போது விமானிக்கு என்ன நேருமோ, அது கூண்டில் இருக்கிறவனுக்கும் நேரும். உடம்பு பல மடங்கு கனக்கும். ரத்தம் தலையை விட்டுக் காலுக்கு இறங்கும். முதலில் போவது கண். எதிரே விளக்குகள் வரிசையாக எரியும். ஓரத்து விளக்குகள் மறைந்ததும் அவன் கையிலிருக்கும் பட்டனை அமுக்க வேண்டும். எவ்வளவு வேகத்தில் மறைந்தது, காலை நெருக்குகிற காற்றடைத்த உடுப்பைப் போட்டால் எவ்வளவு தாங்குகிறது, மூச்சை எப்படி அடக்கினால் கண் நிற்கிறது என்று வைத்தியர்கள் பார்ப்பார்கள். அதிலிருந்துதான் விமானிகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

ஒருமுறை விடுமுறைக்கு வந்தபோது அவன் கை நிறையச் சிவப்புப் புள்ளிகள். வேர்க்குரு என்று நினைத்துச் சந்தனம் அரைத்துப் பூசினேன். பூசி முடிக்கும்வரை காட்டிக்கொண்டிருந்துவிட்டு, “இது வேர்க்குரு இல்லக்கா, சுத்துன வேகத்துல தோலுக்குள்ள ரத்தம் கசிஞ்சது. ஆனா குளுகுளுன்னு இருக்கு, இருக்கட்டும்” என்றான். அவனுக்கு நான்தான் சட்டை தைக்கிறேன். கூண்டில் உட்கார ஆரம்பித்த பிறகு காலர் பட்டியை ஒன்றரை அங்குலம் கூட்ட வேண்டியிருந்தது. கழுத்து அப்படித் தடித்துவிட்டது.

காரைக்காலில் இதை யாருக்கும் விளக்க முடியவில்லை. விமானப்படையில் இருக்கிறான், விமானத்தில் ஏறியதே இல்லை, சுற்றுகிறான். அவ்வளவு போதும் இவர்களுக்கு. மாங்கனித் திருவிழாவில் ராட்டினம் வந்து இறங்கினால், “யாகப்பன் டூட்டிக்கு வந்தாச்சு” என்பார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் ஆல்போன்ஸ் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. “ஏம்ப்பா ராட்டினம், சுத்துக்கு எவ்வளவு? சின்னப் பசங்களுக்கு அரை டிக்கெட்டா?” கேட்டுவிட்டுக் கடைத்தெருவே சிரிப்பதற்காகக் காத்திருப்பார். தம்பி சும்மா போய்விடுவான். எனக்குத்தான் உடம்பெல்லாம் எரியும்.

அவன் கோபம் வேறு இடத்தில் இருக்கிறது. உடம்பில் நடப்பதை மறைக்கிறவர்களை அவனால் பொறுக்கவே முடியாது. ஒருமுறை மாயவரம் போகும் பஸ்ஸில் எனக்குக் கண்ணைக் கட்டியது. ‘ஒண்ணுமில்ல, சும்மா தலை சுத்துது’ என்றேன். பஸ்ஸைப் பூவத்தில் நிறுத்தி என்னை இறக்கிவிட்டான். “சும்மா சுத்துமா? தலை என்ன பம்பரமா? எப்ப ஆரம்பிச்சுது, எந்தப் பக்கம் இருட்டுச்சு, சொல்லு” என்று நடுரோட்டில் என்னைத் திட்டிக்கொண்டு நின்றான். அவன் இடத்துக்கு வருகிற விமானிகளில் சிலர் கண் மங்குவதைச் சொல்வதில்லையாம். சொன்னால் பறக்க விடமாட்டார்கள் என்ற பயம். “ரத்தத்துக்கு ரேங்க் தெரியாதுக்கா. ஆபீசர் தலையாச்சேன்னு அது மேலயே நிக்காது” என்பான்.

போன தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, மதியத்துக்கு மேல், ழில்பேர் எங்கள் வீட்டுக்கு வந்தான். மத்லேன் அக்காவின் ஒரே மகன். அந்த அக்கா ஆல்போன்ஸின் தங்கை. எங்கள் ஊரில் போர் விமானம் ஓட்டுகிற ஒரே பையன் அவன்தான். முகாமில் யாகப்பனைப் போன்றவர்கள் அவனுக்கு சல்யூட் அடிக்க வேண்டும். ஊரில் அவன் இவனை ‘அண்ணே’ என்பான், இவன் அவனை ‘டேய்’ என்பான். நான் தையல் மிஷினில் இருந்தேன். என்னையும் வைத்துக்கொண்டுதான் சொன்னான்.

“அண்ணே, போன மாசம் ஒரு திருப்பத்துல கண்ணு ஓரமெல்லாம் இருட்டிக்கிட்டு வந்துச்சு. அப்புறம் முழுக் கறுப்பு. காது கேக்குது, கண்ணு மட்டும் இல்ல. பார்வை திரும்பினப்ப விமானத்தோட மூக்கு தரையப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. எப்படியோ தூக்கிட்டேன்.”

“டாக்டர்கிட்ட சொன்னியா?”

“சொன்னா கீழ உக்கார வச்சிடுவாங்கண்ணே. மூச்சுப் பிடிக்கிறதுல ஏதோ தப்புப் பண்றேன்போல. நீங்க சரியாச் சொல்லிக்குடுங்க, போதும்.”

“என்னிக்கு நடந்துச்சு?”

“வெள்ளிக்கிழமை.”

“அன்னிக்குக் காலைல என்ன சாப்புட்ட?”

ழில்பேர் நாக்கால் உதட்டை நனைத்துக்கொண்டான். அவன் உதடு வெடித்திருந்ததை அப்போதுதான் நானும் பார்த்தேன்.

“தண்ணி?”

“அதுவும் இல்லண்ணே. அம்மா நேர்ச்சை.”

மகன் விமானம் ஓட்டும் காலம்வரை வெள்ளிக்கிழமைகளில் பொழுது சாயும்மட்டும் பல்லில் பச்சைத் தண்ணீர் படாமல் ஒருசந்தி இருப்பான் என்று மத்லேன் அக்கா மாதாவிடம் நேர்ந்திருந்தார். மகன் கீழே விழாமல் இருக்க வேண்டுமே என்று. பிள்ளைகளுக்காகத் தாய் நேர்ந்துகொள்வதும் பிள்ளைகள் அதை நிறைவேற்றுவதும் எங்களில் வழக்கம்தான். அவன் ஒரு வெள்ளிகூடத் தவறவிடவில்லை. மெஸ்ஸில் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு கிளறிவிட்டு எழுந்துவிடுவானாம். சாப்பிட்டாயா என்று டாக்டர் கேட்டால், ஆச்சு என்பானாம்.

யாகப்பன் எழுந்தான். காது மடல் சிவந்துவிட்டது. “எந்திரிங்க சார்” என்றான்.

ழில்பேர் முகம் செத்துவிட்டது. “ஏண்ணே சார்ங்கிறீங்க?”

“நட சார். ஒங்க அம்மாகிட்ட.”

மிஷினை அப்படியே போட்டுவிட்டு நானும் பின்னாலேயே போனேன்.

மத்லேன் அக்கா புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். ஆல்போன்ஸ் சாய்வு நாற்காலியில் இருந்தார். “அடடே, ராட்டினமே வீடு தேடி வந்துட்டுதே” என்றார். யாகப்பன் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை.

“யக்கா, ஒங்க மகனக் கீழ தள்ளப் பாக்கிறது யாரு தெரியுமா? நீங்கதான்.”

அக்காவின் கை நின்றுவிட்டது. அவன் நடந்ததைச் சொன்னான். ஒன்றையும் விடவில்லை, தரையைப் பார்த்த மூக்கையும் சொன்னான். ழில்பேர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“நிசமாடா?” என்று அக்கா மகனைக் கேட்டார். அவன் தலையாட்டினான்.

ஆல்போன்ஸ் பெருமூச்சு விட்டார். “அல்ஜேரியாவுல மூணு நாள் சோறு தண்ணியில்லாம நின்னோம் நாங்க. ஒருத்தனுக்கும் கண்ணு போவல.”

“நீங்க தரைல நின்னீங்க முசே” என்று பிரெஞ்சு மரியாதை குறையாமல் சொன்னான் யாகப்பன். “வயித்துக்குச் சோறு போட்டும் என்னைச் சுத்துனாங்க, பட்டினி போட்டும் சுத்துனாங்க. பட்டினியா இருந்த அன்னிக்கு எல்லாம் சீக்கிரமே இருட்டிப்போச்சு. ஒரு நாள் பட்டன அமுக்கக்கூட முடியல, தலை தொங்கிப்போச்சு. வெளிய நாலு பேரு என்னைப் பாத்துக்கிட்டே இருந்தாங்க. மிசின நிறுத்தினாங்க. யக்கா, ஒங்க மகன் மேல தனியாப் போறான். அவனுக்கு யாரு நிறுத்துவா?”

ஆல்போன்ஸ் சாய்வு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“மாதாகிட்ட குடுத்த வாக்கு தம்பி. மீறுனா குத்தமாயிடாதா?” என்றார் அக்கா.

“அத சாமியார்கிட்டக் கேளுங்க. எனக்கு மாதாவப் பத்தித் தெரியாது, ரத்தத்தப் பத்தித் தெரியும். டாக்டர்கிட்டப் பொய் சொல்லிட்டு இவன் இன்னொரு வெள்ளிக்கிழமை ஏறினான்னா, நானே முகாமுக்கு எழுதிப் போட்டுடுவேன். சார்ஜண்ட் ஆபீசரப் பத்திக் கோள் சொன்னான்னு என்ன பண்ணுவாங்களோ பண்ணட்டும்.”

அத்தனை கோபத்திலும் அவன் குரலை உயர்த்தவில்லை. அவனை வேலையை விட்டு அனுப்பிவிடுவார்களோ என்று பயமாக இருந்தது. ஆனாலும் வாயை மூடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மத்லேன் அக்கா புளிக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். டம்ளர் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து மகன் முன்னால் நீட்டினார். வெளியே வெயில் இன்னும் சாயவில்லை. ழில்பேர் சுவரிலிருந்த மாதா படத்தைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான்.

“அங்க என்ன பாக்குற? அவங்ககிட்ட நான் பேசிக்கிறேன். இனிமே வெள்ளிக்கிழமை ஒருசந்தி நான் இருக்கேன். நீ குடி” என்றார் அக்கா.

அவன் குடித்தான். மூச்சுவிடாமல் குடித்துவிட்டு, “திங்கக்கிழமை போனதும் டாக்டர்கிட்டச் சொல்லிடறேண்ணே” என்றான்.

யாகப்பன் கையை நீட்டி டம்ளரை வாங்கினான். தன் உள்ளங்கைக்கு மேல் அதைக் கவிழ்த்துப் பிடித்து, ஒரு சொட்டாவது விழுகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றான்.