நோன்புக் கஞ்சியும் என் பழைய வெல்டிங் மெசினும்

பழைய வெல்டிங் மெசின் வைத்திருப்பவனுக்கு இரும்பு ஒட்டுவது இரண்டாவது வேலை. மெசினை உயிரோடு வைத்திருப்பதுதான் முதல் வேலை. உங்கள் வீட்டிலும் அப்படியொன்று இருந்தால் இதற்குள் தலையை ஆட்டியிருப்பீர்கள்.

பகலில் நான் கல்முனை பசாரில் ஒரு புடவைக்கடையில் துணி வெட்டுகிறேன். பின்னேரம் மருதமுனை வீட்டுக் கொட்டிலில் இரும்பு வெட்டுகிறேன். என் மெசின், மூடப்போன ஒரு கராஜில் வாங்கிய சிவப்புத் தகரப் பெட்டி. உள்ளே ஒரு பெரிய ட்ரான்ஸ்போமர், மேலே கறண்டைக் கூட்டிக் குறைக்க ஒரு கைப்பிடி, வேறொன்றும் இல்லை. இந்தக் காலத்து மெசின்களைத் தோளில் மாட்டிக்கொண்டு போகிறார்கள். இதைத் தூக்க இரண்டு ஆம்பிளைகள் வேண்டும். ஆனாலும் மனசு வைத்த நாளில் அது ஒட்டித் தருகிற ஒட்டு இருக்கிறதே, தடவித் தடவிப் பார்க்கலாம்.

வாயைக் கொடுத்தேன்

நோன்புக்குக் கொஞ்ச நாள் முன்பு எங்கள் பள்ளிவாசல் காரியங்களைப் பார்க்கிற மரைக்கார் ஹனிபா காக்கா வந்தார். நோன்புக் கஞ்சி காய்ச்சுகிற கிடாரம் உட்காரும் இரும்பு முக்காலியில் ஒரு கால் வெடித்துவிட்டதாம். கொதிக்கிற கஞ்சியோடு கிடாரம் சரிந்தால் காய்ச்சுகிறவரின் கதி என்ன? "பட்டறைக்கெல்லாம் போகத் தேவையில்ல காக்கா, பள்ளி வேலை, நான் செஞ்சி தாறன்" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்.

சொன்னதோடு நின்றிருக்கலாம். மெசினின் பெருமையைக் காட்ட அவர் முன்னாலேயே சுவிட்சைப் போட்டேன். மாரி மழைக்குப் பிறகு அதை நான் தொட்டதே அன்றைக்குத்தான். பெட்டி முழுக்க ஒரு முறை நடுங்கியது, உறுமியது, வீட்டு ட்ரிப் சுவிட்ச் படாரென்று விழுந்து கறண்டு நின்றது. மரைக்கார் சிரிக்கவில்லை. எழும்பும்போது சொன்னார்: "அல்லாஹ்வுக்காக ஏத்துக்கிட்ட வேல தம்பி. தலைப்பிறைக்குள்ள முடிச்சிருங்க, புள்ளைகள் வாளியோட வந்து நிக்கும்."

உப்புக்காற்று

மூடியைக் கழற்றினேன். சிலந்திக் கூடு, பல்லி முட்டை, அதற்குக் கீழே கடல் செய்த வேலை. எங்கள் கரையில் உப்புக்காற்றுக்குத் தப்பிய இரும்பும் இல்லை, பித்தளையும் இல்லை. கேபிள் பூட்டுகிற நட்டுகளெல்லாம் பச்சை பூத்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. அரத்தால் சுரண்டினால் மரை போய்விடும் என்ற பயத்தில் அவற்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கொட்டிலுக்கும் கிணற்றடிக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

என் மனைவி ஸபீனா குசினியில் நோன்புக்கு மாவு வறுத்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், நட்டுகளை வாங்கிப் புளித் தண்ணீரில் போட்டாள். பித்தளைக் குடம் மினுக்குகிற மாதிரித் தும்பால் தேய்த்துக் கழுவி, துடைத்து, வெயிலில் பரத்தினாள். மாவு வறுத்த அடுப்பில் தணல் இருந்தது. ஈரமேறிக் கிடந்த வெல்டிங் கம்பிகளை ஒரு பழைய தகரத்தில் அடுக்கி அதன்மேல் காயவைத்ததும் அவள்தான். அவளைக் கட்டியது என் அதிர்ஷ்டம், இதை எழுத எனக்கு வெட்கமில்லை. நட்டுகள் புதுக் காசு மாதிரிப் பளபளத்தபோது நான் வாய் திறந்து புகழத் தொடங்கினேன். அவள் இடைமறித்தாள்: "புகழ்ந்தது போதும், இந்தப் புளிக்கு ஒரு மீன் ஆணம் ஆக்கியிருக்கலாம்."

பாண்டிருப்பு வைத்தியம்

நட்டு பளபளத்தது, ட்ரிப் சுவிட்ச் அப்போதும் விழுந்தது. மெசினை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பாண்டிருப்பில் மோட்டர் வைண்டிங் செய்கிற தவராசா அண்ணனிடம் போனேன். தட்டிப் பார்த்தார், மீட்டரை வைத்துப் பார்த்தார், சுருளுக்குள் ஈரம் இறங்கியிருக்கிறது என்றார். ஒரு மரப்பெட்டிக்குள் மெசினை வைத்து, பக்கத்தில் இரண்டு குண்டு பல்பை எரியவிட்டு, சாக்கால் மூடினார். கோழிக்குஞ்சு பொரிக்க வைக்கிற ஏற்பாடு மாதிரி இருந்தது. அது காய்ந்த பிறகு வார்னிஷ் ஊற்றினார். ஆடிக்கொண்டிருந்த நடு இரும்புக்கு முதிரைக் கட்டையில் ஆப்பு சீவி இறுக்கினார். அவசரப்படவே மாட்டார். நோன்பு நெருங்க நெருங்க, புடவைக்கடை விட்ட கையோடு அவர் வாசலில் போய் நின்றேன்.

பொறுக்க முடியாமல், "பழைய இரும்புக்குக் குடுத்துட்டு, புதுசு ஒண்டு எடுத்தா என்ன அண்ணன்?" என்று கேட்டுவிட்டேன். ஆப்பு சீவிய கத்தியை அப்படியே கீழே வைத்தார். "குடுத்தா இந்தப் பக்கம் வராதீங்க தம்பி. மாரி முழுக்க வெறும் நிலத்தில கிடத்தினா மனிசனுக்கும் வாதம் வரும்தானே?"

மைக்கில் ஓர் அறிவித்தல்

பிறை கண்ட அன்றுதான் மெசின் கைக்கு வந்தது. முதல் நோன்பு, மதியம் லுஹர் தொழுத கையோடு பள்ளிக் குசினியில் அதை இறக்கினோம். சுவிட்சைப் போட்டேன். ட்ரிப் விழவில்லை, நடுக்கமும் இல்லை. நல்ல சாப்பாட்டுக்குப் பிறகு தூங்குகிறவர் மாதிரி ஒரு மெல்லிய சத்தம். கம்பியை முக்காலியில் வைத்தேன். தீ பிடிக்காமல் கம்பி அப்படியே ஒட்டிக்கொண்டது. பிடுங்கி வைத்தேன், திரும்பவும் ஒட்டிக்கொண்டது. பிழை மெசினில் இல்லை. வெயில் நேரம், பள்ளி ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு பேனும் பிரிட்ஜும் ஓடியதில் கறண்டுக்கு வலு இல்லை. அரிசி கழுவியாயிற்று, இன்னும் கொஞ்சத்தில் அடுப்பு மூட்டாவிட்டால் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு கொடுக்கக் கஞ்சி கிடையாது. எனக்கு வியர்த்து ஊற்றியது.

மரைக்கார் பள்ளிக்குள் போனார். ஊரில் யாரும் மௌத்தானால் அறிவிக்கிற அதே மைக்கில் அவருடைய குரல் வந்தது: "பள்ளிக் கஞ்சி முக்காலிக்கு வெல்டிங் நடக்குது. எல்லாரும் பேன், பிரிட்ஜ் எல்லாத்தையும் கொஞ்ச நேரத்துக்கு நிப்பாட்டுங்க."

நிறுத்தினார்கள். முதல் நோன்பின் தாகத்தோடு, அந்த வெக்கையில், ஒழுங்கை முழுக்க நிறுத்தினார்கள். வீட்டு வாசல் கேற்றடிகளில் வந்து நின்று அட்டையால் விசிறிக்கொண்டார்களே தவிர ஒருவரும் முணுமுணுக்கவில்லை. கம்பியை வைத்தேன். தீ பிடித்தது, ஆனால் இழுத்து இழுத்துத்தான் எரிந்தது. அப்போது பாங்கு சொல்கிற மோதினார் எதையோ நினைத்துப் பள்ளிக்குள் ஓடினார், தலையைச் சொறிந்துகொண்டு திரும்பி வந்தார். ஊருக்கெல்லாம் சொன்னவர்கள் பள்ளி ஏசியை நிறுத்த மறந்திருக்கிறார்கள்!

அதற்குப் பிறகு என் மெசின் எரிந்த அழகை நான் என்னவென்று சொல்ல? ஒரே மூச்சில், அறுபடாமல், காலைச் சுற்றி வந்தது ஒட்டு. ஆறியதும் மரைக்கார் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முக்காலியின் மேலேயே ஏறி நின்றார். அவர் லேசான ஆள் இல்லை. இரண்டு தரம் குதித்தார், முக்காலி அசையவில்லை. அங்கே நின்றபடியே சத்தம் போட்டார்: "மோதினார், பேனுகளப் போடச் சொல்லுங்க, கிடாரத்தில அரிசியப் போடச் சொல்லுங்க!"

பழைய மெசின் வாங்கப் போகிறவர்கள் மெசினை ஒரு தரம் பார்த்தால் போதும், நோன்போடு பேனை நிறுத்திவிட்டு வாசலில் வந்து நிற்கிற அயலவர்கள் இருக்கிறார்களா என்று ஒழுங்கையைத்தான் இரண்டு தரம் பார்க்கவேண்டும்.