ஸ்மார்ட் போர்டுக்குக் கண்ணேறு

“…வேளாங்கண்ணி மாதா படத்தையே என் ரூமுலருந்து கழட்டி வீட்டுக்கு அனுப்பிட்டேன், எலுமிச்சம்பழத்தை விடுவனா? இது கவர்மெண்ட் ஸ்கூலுண்ணே. சூடமும் வேணாம், மெழுகுவத்தியும் வேணாம். போர்டு ஓடுனாப் போதும்” என்றார் தலைமை ஆசிரியை.

ஏணியில் நின்றபடி நான் தலையாட்டினேன். எனக்குச் சிம்மக்கல்லில் எலெக்ட்ரிக்கல் கடை. மகள் வண்டியூரில் அந்தப் பள்ளியில் படிக்கிறாள். பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்கு நான்தான் தலைவர்; அதாவது கூலி கேட்காத எலெக்ட்ரீஷியன். அன்று பதினொரு மணிக்குக் கல்வி அதிகாரி வந்து புது ஸ்மார்ட் போர்டைத் தொடங்கி வைப்பதாக ஏற்பாடு.

நம் ஊரில் எது புதிதாக வந்தாலும் எலுமிச்சம்பழம் முன்னால் போக வேண்டும். பைக்காக இருந்தாலும் ஜேசிபியாக இருந்தாலும் சக்கரத்தில் நசுக்கிவிட்டுத்தான் கிளப்புவோம். போர்டுக்குச் சக்கரம் இல்லை, அவ்வளவுதான் சிக்கல்.

தலைமை டீச்சர் பாடு மத்தளத்தின் பாடு, இரண்டு பக்கமும் இடி. பூஜைக்கு விட்டால் மேலிடத்துக்குப் புகார் போகும். தடுத்தால், “வேதக்கார டீச்சரு, அதான் தடுக்குது” என்று தெருவில் பேச்சு வரும். ஏற்கெனவே ஒரு புகார் போயிருந்தது. இன்னொன்று போனால் மாறுதல்தான் என்று அவரே சொல்லியிருந்தார்.

சத்துணவு சமையலக்கா விடவில்லை. “கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக்கூடாதும்பாக டீச்சர். இம்புட்டுப் பெரிய டிவி! ஒரே ஒரு பழம்.”

“முடியாதுக்கா.”

கோரிப்பாளையத்திலிருந்து வரும் பி.டி. சார், அவர் முஸ்லிம், சமரசத்துக்கு வந்தார். “அதையே சோத்துல புழிஞ்சா லெமன் சாதம். போர்டுகிட்ட வச்சா மட்டும் மதமா டீச்சர்?”

“சோத்துல புழிங்க சார், நானும் சாப்பிடுறேன்.”

கணக்கு சார் மட்டும் டீச்சர் கட்சி. கருப்புச் சட்டைக்காரர். “கரண்டு வந்தா ஓடப் போகுது. பழத்துக்கு என்னய்யா தெரியும்?” என்று எல்லோரையும் விரட்டினார். நான் ஓட்டிப் பார்த்தேன், ஜோராக ஓடியது. நிம்மதியாக டீ குடிக்கப் போனேன்.

அதிகாரி வந்தார். பிள்ளைகள் கைதட்டுவதற்குக் கையைத் தயாராக விரித்து வைத்திருந்தார்கள். ரிமோட்டை அழுத்தினார். போர்டு பழைய கரும்பலகை மாதிரி நின்றது. மறுபடி அழுத்தினார். ம்ஹூம்.

சன்னலோரம் பெற்றோர் கூட்டத்தில் ஒரு குரல் எழுந்தது: “நான் அப்பவே சொன்னேன்ல மாப்ள! பழம் வைக்க விடலேல்ல!”

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் போர்டுக்குப் பின்னால் கையை விட்டேன். பிளக் பாதி கழன்று தொங்கியது. அதை நெட்டித் தள்ளிக்கொண்டு ஓர் எலுமிச்சம்பழம் உட்கார்ந்திருந்தது. எடுத்தேன். அதற்குப் பின்னால் இன்னொன்று. அதற்கும் பின்னால் இன்னொன்று. ஒன்றில் குங்குமம். ஒன்றில் தர்காவில் கட்டும் பச்சைக் கயிறு. மூன்றாவது மட்டும் எந்த அலங்காரமும் இல்லாமல், பகுத்தறிவோடு இருந்தது.

பிளக்கை அழுத்தினேன். போர்டு பளிச்சென்று எரிந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். சமையலக்கா உத்தரத்தைப் பார்த்தார். பி.டி. சார், “உங்களுக்குக் கெட்ட பேரு வந்துறக் கூடாதுன்னுதான் டீச்சர்…” என்று முனகினார். கணக்கு சார் என் காதில், “வீட்ல குடுத்து விட்டாண்ணே, என்ன செய்ய?” என்றார்.

அதிகாரி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். “என்னம்மா இது? ஸ்கூல்ல பூஜையெல்லாம் நடக்குதோ?”

டீச்சர் மூன்று பழத்தையும் என்னிடமிருந்து வாங்கினார். கயிற்றை அவிழ்த்து பி.டி. சார் கையில் கொடுத்தார். குழாயடியில் குங்குமத்தைக் கழுவினார். சமையலக்காவிடம் கத்தியும் சீனியும் கேட்டு வாங்கி, மூன்றையும் ஒரே செம்பில் பிழிந்து, முதல் டம்ளரை அதிகாரிக்கு நீட்டிவிட்டு, இரண்டாவது டம்ளரை அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தார்.