ரெஜினா வீட்டு முன்னறையில் ஒரு கார்

காலையில் அரிசி களைந்துகொண்டிருந்தபோது ரெஜினாவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தால் அவள் கணவர் அந்தோணி அண்ணனின் குரல். பக்கவாதத்தில் வலப்பக்கம் செயலிழந்தவர். தானாக யாருக்கும் போன் போடமாட்டார். "பார்வதி, உன் தோஸ்து பூட்டாம்மா," என்றார். தூக்கத்திலேயே மாரடைப்பு. திருவொற்றியூரிலிருந்து நான் ராயபுரம் போய்ச் சேர்ந்தபோது தெருக்காரர்கள் காரை வெளியே தள்ளி நிறுத்திவிட்டு, அது நின்ற இடத்தில் அவளைக் கிடத்தியிருந்தார்கள்.

அவளை அறிந்தவர்கள் எல்லோருக்கும் அந்த முன்னறை தெரியும். அது எப்படி உருவானது என்பது பலருக்குத் தெரியாது.

துறைமுகத்தை ஒட்டிய ஒரு சரக்கு ஏஜென்ட் அலுவலகத்தில் எனக்கும் அவளுக்கும் அடுத்தடுத்த மேசை. ஐம்பதை நெருங்கும்போது அவளுக்குக் கார் மேல் ஆசை வந்தது. ஓட்டுவதைவிடக் கழற்றி மாட்டுவதில்தான் ஆசை அதிகம். எண்ணூரில் ஒரு வீட்டு வாசலில் உப்புக்காற்றில் துருவேறிக் கிடந்த பழைய பியட் ஒன்றை வாங்கி, கயிறு கட்டி இழுத்துவந்துவிட்டாள். "ஆம்பளைங்க கேரம் ஆடறாங்க. நான் இத்த நோண்டறேன். இன்னா தப்பு?" என்றாள்.

நிறுத்தி வேலை பார்க்க இடம் வேண்டும். வீட்டில் தோதான ஒரே இடம் முன்னறை. அங்கேதான் அந்தோணி அண்ணனின் கட்டில் இருந்தது. துறைமுகத்தில் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டியவர். படுக்கையில் விழுந்த பிறகு தெருவைப் பார்ப்பது ஒன்றுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. கட்டிலை உள்ளறைக்கு மாற்றலாமா என்று அவள் கேட்ட அன்று நானும் அங்கே இருந்தேன். "கார உள்ள உட்டுட்டு என்னிய மூலைல போடப்போறியா? போடு," என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். ரெஜினா வாசலுக்கு வந்து தார்ப்பாயை இழுத்துக் காரை மூடினாள். "வுடு பார்வதி, வித்துடலாம்," என்றாள்.

விற்கவில்லை. சில வாரங்கள் கார் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. பிறகு ஒருநாள், மதியச் சாப்பாட்டின்போது, வாயில் சோற்றோடு சொன்னாள்: "நடுச் செவுத்த பாதி இடிச்சிட்டா இன்னா? கட்டில்லேர்ந்து பாத்தா காரும் தெரியும், ரோடும் தெரியும், நானும் தெரிவேன்."

கொத்தனார் மேலே இரும்பு உத்தரம் கொடுத்துவிட்டு, இரண்டு அறைகளுக்கும் நடுவிலிருந்த சுவரை இடுப்பளவுக்கு இறக்கினார். வாசல் பக்கச் சுவரைக் கார் நுழையும் அகலத்துக்குத் திறந்து, தெரு தெரிகிற மாதிரி கம்பிக் கதவு. காரின் கூரைக்கு மேலே பார்வை போக வேண்டும் என்று, உள்ளறைக்கு நகர்த்திய கட்டிலின் கால்களுக்குக் கட்டை கொடுத்து உயர்த்தினாள். காருக்கு அடியில் இறங்கி வேலை செய்யக் குழி தோண்டினோம். முழங்கால் ஆழத்திலேயே உப்புத்தண்ணீர் ஊறியது. மூடிவிட்டு, காரை ஏற்றி நிறுத்தக் கனத்த மரக்கட்டைகளால் சாய்மேடை அடித்துக்கொண்டோம்.

புகை கட்டில் பக்கம் போகக்கூடாது என்பதில் அவள் கறார். உள்ளே இன்ஜினைக் கிளப்பவே மாட்டாள். ஒவ்வொரு முறையும் தெருப் பிள்ளைகள் முதல் மீன்காரம்மா வரை கூடிக் காரை வெளியே தள்ளுவார்கள். "இன்னாக்கா, தேர் கெளம்பிடுச்சா?" என்று கேலி வேறு.

அந்தோணி அண்ணன் மட்டும் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. ரெஜினாவும் கெஞ்சவில்லை. ஒரு ஞாயிறு பூசை முடிந்து வந்து, முன்விளக்கின் வளையத்தைத் துரு போகத் தேய்த்துக்கொண்டிருந்தோம். குட்டைச் சுவருக்கு மேலே ஒரு கை நீண்டது. "சும்மாத்தான கீது இந்தக் கை? இப்டி குடு," என்றார். உப்புத்தாளோடு கொடுத்தாள். ஒரே கையால் பிடிக்கவும் முடியாமல் தேய்க்கவும் முடியாமல் அவர் திணறியதை நான் பார்த்தேன். அவளும் பார்த்திருக்கிறாள். அடுத்த வாரம் போனபோது குட்டைச் சுவரின் மேல் சின்ன வைஸ் ஒன்று பொருத்தியிருந்தது. சாமானை அது கவ்விக்கொள்ள, அவர் இடக்கையால் தேய்த்துக்கொண்டிருந்தார். "கல்யாணம் ஆயி இவ்ளோ வருசத்துல இப்பத்தான் இந்த மன்சன் என்கூட சேந்து ஒரு வேல செய்றாரு," என்று என் காதில் சொன்னாள்.

வண்டி ஓடத் தொடங்கியதும் முதலில் போனது எண்ணூர் முகத்துவாரத்துக்கு. நாலு பேர் தூக்கி அவரை முன்சீட்டில் உட்காரவைத்தார்கள். பின்சீட்டில் நான். ஆஸ்பத்திரி தவிர வேறெங்கும் அவர் வெளியே போய் வருடக்கணக்காகியிருந்தது. இருபுறமும் கன்டெய்னர் லாரிகள் உரசுகிற மாதிரி வந்தன. "நீ நேரா பாத்து ஓட்டு, லெப்ட்ட நான் பாத்துக்கறேன்," என்று அவர் இடக்கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி லாரிகளை நிறுத்தினார். நின்றன! முகத்துவாரத்தில் கடலைப் பார்த்ததும் அழுதுவிட்டார். ரெஜினா சுண்டல் பொட்டலத்தை அவர் மடியில் பிரித்துவைத்தாள்.

இப்போது, கல்யாணமாகிப் போயிருந்த அவர்கள் மகள் குடும்பத்தோடு அந்த வீட்டுக்கே வந்துவிட்டாள். முன்னறையில் எதையும் மாற்றவில்லை. முப்பதாம் நாள் பூசை முடிந்து வந்தபோது அந்தோணி அண்ணன் என்னிடம் சாவியை நீட்டினார். ரெஜினாவோடு சேர்ந்து நானும் லைசென்ஸ் எடுத்தவள்தான், ஆனால் அதன்பிறகு ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை.

"எனக்குப் பயம்ண்ணே. அவ தைரியசாலி."

"யாரு, அவளா?" அவர் சிரித்தார். "கியர் மாத்தறப்போ அவ கை நடுங்கும். தெனிக்கும் நடுங்கும். பக்கத்துல குந்திக்கினு இருந்த எனுக்குத் தெரியாதா? பின்னால இருந்த உனுக்கு எப்டித் தெரியும்?"

ரெஜினாவிடமிருந்து நான் வைத்துக்கொள்ளப்போவது அந்த நடுக்கத்தைத்தான். தெருக்காரர்கள் காரை வெளியே தள்ளினார்கள். நான் ஏறி உட்கார்ந்து கியரில் கை வைத்தேன். நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டு, வண்டியைக் கிளப்பினேன்.