காலிக் கட்டத்தில் மரகதம்

செய்தி கைப்பேசியில் வந்தது. "அம்மா இன்னைக்குக் காலையில தவறிட்டாங்க" என்று மரகதத்தின் மகள் எழுதியிருந்தாள். கீழே ஒரு படம். அது திறக்கவில்லை, சாம்பல் நிறக் கட்டம் ஒன்றுதான் தெரிந்தது. அதைப் பார்த்ததும் அழுகைக்கு முன்னால் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் என்று மரகதத்தைத் தெரிந்த உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

தொண்ணூறுகளின் கடைசியில் மைசூர் அக்ரஹாரத்தில், கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடையில் நாங்கள் இருவரும் கம்ப்யூட்டரில் வேலை பார்த்தோம். நான் உள்ளூர்க்காரி. அவள் தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் ராமாபுரத்திலிருந்து எனக்குப் பிறகு வந்து சேர்ந்தவள். வெப் பேஜ் என்று ஒன்று செய்யலாம் எனக் கேள்விப்பட்ட நாளிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. நிறம், எழுத்து, பக்க அமைப்பு என்று எல்லாவற்றுக்கும் இன்டர்நெட்டில் இலவசப் பாடங்கள் கிடந்தன. ஆனால் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து படித்தால் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. அதனால் பக்கங்களை ஃப்ளாப்பியில் ஏற்றிக்கொண்டு கடைக்கு ஓடிவருவாள்.

திறந்தால் எழுத்து மட்டும்தான் வந்திருக்கும். படம் இருக்க வேண்டிய இடமெல்லாம் காலிக் கட்டம், மூலையில் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி. 'இடப்பக்கப் படத்தைப் பாருங்கள்' என்று பாடம் சொல்லும். எதைப் பார்ப்பது, என் தலையையா? "இது ஆகற கதையில்ல, விடு கணே" என்பேன் எரிச்சலோடு, கன்னடம் கலந்து. அவளா விடுவாள்!

"இருடி, பாடம் எழுதுன ஆளு என்னத்தக் காட்டியிருப்பான்னு ரோசன பண்ணிப் பாக்கலாம்."

வீணாய்ப்போன பத்திரிகை அட்டையின் பின்பக்கம், கலர் பென்சிலால் அந்தப் படத்தை அவளே வரைவாள். பாடத்தோடு பொருந்தும்வரை மாற்றி மாற்றி வரைவாள். மறுபடி சென்டருக்குப் போய் அசலைப் பார்த்துவிட்டு வந்து, "நம்முளுதுதான் நல்லாருக்குது" என்பாள். அதில் கர்வம் கிடையாது. நிஜமாகவே ஒப்பிட்டுப் பார்த்துத்தான் சொல்வாள்.

அந்தச் சமயத்தில் நஞ்சன்கூட்டு ஊதுபத்திக் கம்பெனி ஒன்று வெப் பேஜ் கேட்டது. அது தேறினால் இரண்டு பேரும் இருக்கலாம், தேறாவிட்டால் பின்னால் வந்தவள் கிளம்ப வேண்டியதுதான் என்று முதலாளி சொல்லிவிட்டார். ஊரில் மரகதத்தின் குடும்பம் அவள் சம்பளத்தைத்தான் நம்பியிருந்தது. உயிரைக் கொடுத்துச் செய்தோம். கடைக் கம்ப்யூட்டரில் பக்கம் பிரமாதமாக வந்தது. ஃப்ளாப்பியோடு பஸ் ஏறினோம்.

மேனேஜர் முன்னால் திறந்தால், ஐயோ, எல்லாம் சிவப்புப் பெருக்கல் குறி! "என்னம்மா இது?" என்று அவர் கன்னடத்தில் கேட்டார். நான் ஃப்ளாப்பியை உருவி மறுபடி செருகிப் பார்த்தேன். மரகதமோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"படமெல்லாம் ஃப்ளாப்பிலதான இருக்குது. அப்பறம் ஏன் வரமாட்டீங்குது?"

வேலை போகப்போகிறது, இவளுக்கு ஆராய்ச்சி! பக்கத்தின் உள்ளே இருக்கும் கட்டளைகளைத் திறந்து படித்தவள் வாய்விட்டுச் சிரித்தாள். "அடியே, படத்துக்கெல்லாம் நம்ம கடைக் கம்ப்யூட்டரு விலாசத்தைத்தான குடுத்திருக்கறோம்! இங்க தேடுனா எப்படிக் கெடைக்கும்?" அங்கேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் திருத்தினாள். ஊதுபத்திகள் ஒவ்வொன்றாகத் திரையில் எழுந்தன. அவள் வேலை தப்பியது.

இன்றைக்கும் எந்தப் பாடத்தைத் திரையில் பார்த்தாலும், எடுத்துக்காட்டு வருவதற்கு முன் நிறுத்திவிடுகிறேன். அது எப்படி இருக்கும் என்று முதலில் நானே யோசித்துப் பார்க்கிறேன். அவளிடமிருந்து என்னோடு தங்கியது இந்தப் பழக்கம்தான்.

செய்தி வந்தபோதும் அப்படித்தான். கட்டம் காலியாக இருக்கும்போதே அதற்குள் அவளை வரைந்துவிட்டேன்: நஞ்சன்கூட்டில், நாற்காலி நுனியில், வாய்விட்டுச் சிரிக்கிறவளாக. பிறகு படம் வந்தது. மூடிய கண், நெற்றியில் காசு, கழுத்து நிறைய மாலை.

இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். நம்முளுதுதான் நல்லாருக்குது, மரகதம்.